வீட்டு வாகனம்: உள்விளிம்பில் தேயும் பின்சக்கரம்

 

சொந்தமாகக் கார் வைத்திருக்கும் பிள்ளைகளில் சிலருக்கு அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுவதில் ஒரு தனி ஆசை. பெற்றோருக்கு அந்த ஆசை புரிவதில்லை. பிள்ளைகளுக்கோ அந்த ஆசையினால் சக்கரங்களுக்கு நேர்வது என்னவென்று தெரிவதில்லை. "புது டயர் ஒரு வருடம்கூட உழைக்கவில்லையே, கம்பெனி மோசமா?" என்று கேட்கும் வீடுகளில் டயரைக் குறை சொல்வதற்கு முன் காரின் உயரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2022 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பினாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். பினாங்கில் அது கடும் மழைக்காலம். தங்கை மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் வைத்திருந்த ஹோண்டா சிவிக் 1998 ஆம் ஆண்டு தயாரிப்பு. அவனைவிட வயதில் மூத்தது. 1995 முதல் 2000 வரை வெளிவந்த அந்த ஆறாம் தலைமுறை சிவிக் மீது மலேசிய இளைஞர்களுக்கு இன்றும் தீராத மோகம் உண்டு. என் மருமகனும் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். துடைப்பதென்ன, மெருகிடுவதென்ன! ஆனால், வாங்கிய மூன்றாம் மாதமே நான்கு சக்கரங்களின் ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டி எறிந்து, காரை ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்த்தியிருந்தான்.

"காக்கா, இந்த வருஷத்தில் பின் டயர் இரண்டையும் ஒருமுறை மாற்றியாகிவிட்டது. மறுபடியும் மாற்ற வேண்டும் என்கிறான். நீங்களாவது என்னவென்று பாருங்கள்" என்றாள் தங்கை. பையன் முகம் சுளித்தான். "அலைன்மென்ட் செய்துவிட்டேன் மாமா. டயர்தான் மட்டமான சரக்கு என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்" என்றான்.

வெளியிலிருந்து பார்த்தால் டயரில் ஒரு குறையும் இல்லை. கோடுகள் ஆழமாகவே இருந்தன. சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கையை நுழைத்து உள்விளிம்பைத் தடவினேன். விரலில் ஏதோ குத்தியது. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது, ரப்பர் முழுவதும் தேய்ந்து கம்பி இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மீதியிருப்பது 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். அதற்கு மேல் அந்த டயரை ஓட்டக்கூடாது. இங்கோ, வெளிப்புறம் புதிது போலவும் உட்புறம் கம்பி தெரியும்படியும் ஒரே டயர் இரண்டு முகங்களோடு இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் அந்தக் காரில்தான் கோலாலம்பூர் போவதாக இருந்தார்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான மூத்த மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவரும் பயணம். பாலத்தைக் கடந்து, போக ஏறத்தாழ 350 கிலோமீட்டர், வர அதே தூரம், கொட்டும் மழை, திரும்பும்போது காரில் ஐந்து பேர். "இந்தக் காரில் அவளை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். விருந்தாளியாக வந்தவன் சொல்லும் பேச்சா இது என்று மச்சானுக்கு வருத்தம் வந்திருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டயரின் உட்புறத்தைத் தாமும் தடவிப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி அவர் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத வேண்டாம். தம் தம்பியின் வேனைக் கேட்டு வாங்கிப் பயணத்தை முடித்தார்கள்.

இனி, அந்த டயருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

காரைப் பின்னாலிருந்து நேராகப் பாருங்கள். சக்கரம் தரைக்குச் செங்குத்தாக நிற்கிறதா, தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா? இந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர் என்று பெயர். தலை உள்ளே சாய்ந்தால் நெகடிவ் கேம்பர். வெளியே சாய்ந்தால் பாசிடிவ் கேம்பர். அந்தச் சிவிக்கில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக இரண்டு இரும்புக் கைகள் பக்கவாட்டில் பிடித்திருக்கின்றன. மேல் கை குட்டை, கீழ்க் கை நெட்டை. கார் அமிழும்போது இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் சுழல்வதால், குட்டையான மேல் கை சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கிறது. இதைத் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டுமென்றே செய்த அமைப்பு அது. வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்தப் பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்ந்துவிடாமல், டயர் முழு அகலத்தோடு தரையைப் பற்றி நிற்பதற்காகத்தான் பொறியாளர்கள் மேல் கையைக் குட்டையாக வைத்தார்கள். வளைவில் சில விநாடிகளுக்கு மட்டும் வேண்டிய நிலையை, தாழ்த்திய கார் நேர்ச்சாலையிலும் நாள் முழுவதும் சுமந்துகொண்டு ஓடுகிறது, சங்கடமே அங்கேதான்.

பந்தயக்காரர்கள் இந்தச் சாய்வை வேண்டி வைப்பதுண்டு. அவர்கள் டயரை மாற்றும் கணக்கு வேறு, அவர்கள் வளைவில் போகும் வேகமும் வேறு. ஜப்பானில் சில வாலிபர்கள் அழகுக்காகவே சக்கரங்களைக் கூரை போலச் சாய்த்து வைத்து, அதற்குப் 'பேய்ச் சாய்வு' என்று பொருள்படும் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். பெயர் பொருத்தமானதுதான்!

சாய்வை அளக்க இயந்திரம் வேண்டும் என்பதில்லை. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு போதும். நாங்கள் ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டோம். சமதளமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி, சக்கரத்துக்குச் சற்று வெளியே நூலைத் தொங்கவிட்டு, சக்கர வளையத்தின் மேல் விளிம்பிலிருந்து நூலுக்கு எவ்வளவு தூரம், கீழ் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தோம். 15 அங்குல வளையமாக இருந்தால், மேலுக்கும் கீழுக்கும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஒரு பாகைச் சாய்வு. மருமகன் காரின் இடது பின்சக்கரத்தில் வித்தியாசம் 20 மில்லிமீட்டர், வலது சக்கரத்தில் 15. அதாவது இடப்புறம் மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவு, வலப்புறம் இரண்டுக்குச் சற்றுக் கூடுதல். பிறகு பக்கத்து வீட்டுப் பையன்கள் மூவரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து மறுபடியும் அளந்தோம். இடப்புறம் 27 ஆகிவிட்டது! குடும்பத்தோடு பயணம் போகும் கார் எந்நேரமும் இந்தக் கோணத்தில்தான் ஓடியிருக்கிறது. பட்டறைகளில் காலியான காரைத்தான் அளக்கிறார்கள். மாமியார், மருமகள், பேரப்பிள்ளைகள், பெட்டி படுக்கை எல்லாம் ஏறிய பிறகு என்ன கோணம் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்று. சாய்வு மட்டும் இவ்வளவு வேகமாக டயரைத் தின்றுவிடாது. இரண்டு பாகைச் சாய்வோடு பல்லாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும் கார்கள் உண்டு. கூடவே இன்னொன்று சேர வேண்டும். அதன் பெயர் டோ. காரை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சக்கரம் போகும் திசையை நேராகப் பார்க்கிறதா, உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறதா என்பதுதான் டோ. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரத்தின் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் மட்டும் திரும்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத கோணல்தான். ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த டயர் 5 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600க்கு 3 என்றால் ஆயிரம் மீட்டருக்கு ஐந்து.

அம்மியில் அரைக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழவியைச் சும்மா அம்மிமேல் வைத்திருந்தால் ஒரு மிளகும் அரைபடாது. அழுத்தி இழுத்தால்தான் அரைபடும். சாய்வு, சுமையை எல்லாம் உள்விளிம்பில் அழுத்துகிறது. டோ அதை இழுத்து அரைக்கிறது. காரைத் தாழ்த்தும்போது இரண்டுமே மாறிவிடுகின்றன. என் மருமகன் அலைன்மென்ட் செய்ததாகச் சொன்னது பொய்யில்லை. முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் செய்து காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். பின்சக்கரங்களை யாரும் தொடவேயில்லை.

தேய்ந்த டயர் மழையில் என்ன செய்யும் என்பது தெரிந்ததே. முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுபவருக்கு அது உடனே தெரியும். பின் டயர் வழுக்கினாலோ காரின் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். பழகிய ஓட்டுநர்களே அதைச் சமாளிப்பது அரிது. கம்பி தெரியும் டயர் வெடிப்பதற்கு மழைகூட வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி வழிகாட்டிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். பயண துஆவை ஓதிவிட்டு ஏறும் நம் வண்டியின் நான்கு டயர்களையும் உட்புறம் கைவைத்துப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சரி, திருத்துவது எப்படி? மருமகனிடம் நான் முதலில் கேட்டது, "காரை மேலே தூக்கலாமா?" என்பதுதான். அவன் முகத்தைப் பார்த்தபோது கேட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றிற்று. ஆசையைப் பழித்தால் பிள்ளை காதை மூடிக்கொள்வான். ஆகவே அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி அவன் கையிலேயே கொடுத்தேன். இரவு முழுவதும் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தங்கை சொன்னாள். காலையில் அவனாகவே வந்து, "மாமா, பாதி தூக்கினால் போதுமா?" என்றான். எனக்கு அது போதும்.

வெட்டிய ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது. வெட்டுவதால் ஸ்பிரிங் விறைத்துப்போவதோடு, வண்டியைத் தூக்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவவும் செய்யலாம். சிலர் காஸ் விளக்கால் சூடேற்றி ஸ்பிரிங்கை அமிழ்த்துகிறார்கள். எஃகின் பதமே போய்விடும் அந்த வேலை அதைவிட மோசம். ஆகவே, வெட்டியவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் காருக்கென்றே சற்றுக் குட்டையாகச் செய்த ஸ்பிரிங்குகளைப் பொருத்தினோம். கார் இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்தது. சாய்வும் அந்த அளவுக்குத் தானாகவே குறைந்தது. வேறு எதையும் தொடாமல் கிடைக்கும் திருத்தம் இது ஒன்றுதான்.

இடப்பக்கம் மட்டும் ஏன் அதிகம் சாய்ந்திருந்தது என்பது அடுத்த கேள்வி. மேல் கையின் ரப்பர் புஷ் பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. புஷ் ஆடினால் எந்த அளவும் நிலைக்காது. இன்று வைத்த கோணம் நாளைக்கு இருக்காது. இரு பக்கமும் புதிய புஷ் போட்டோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல பட்டறைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் பிய்ந்தும் போகும். காரின் சுமை சக்கரத்தின் மேல் அமர்ந்து, ஓடும் உயரத்துக்கு வந்த பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். காரைத் தாழ்த்திய அன்று போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்காமல் விட்டதுதான் பழைய புஷ் கெட்டதற்கும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மீதிச் சாய்வுக்கு இரண்டு வழிகள். அந்தச் சிவிக்கில் பின்சக்கரத்தின் மேல் கை, இரண்டு போல்ட்டுகளால் காரின் உடலோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்புக்கும் உடலுக்கும் நடுவே வாஷர்களைச் செருகினால் மேல் கை வெளியே தள்ளப்படும். சக்கரத்தின் தலையும் நிமிரும். சில மில்லிமீட்டர் தள்ளினாலே ஒரு பாகை நிமிர்ந்துவிடும். காசு குறைவு என்பதால் இளைஞர்களிடையே பெயர்பெற்ற வைத்தியம் இது. ஆனால் வாஷரின் கனம் அளவுக்கு போல்ட்டின் பிடிமானம் குறைகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதே வலிமைத் தரமுள்ள, நீளமான போல்ட் போடாமல் வாஷர் மட்டும் செருகுவது, ஒரு கோளாறுக்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வதாகும். இரண்டாவது வழி, நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள மேல் கையை வாங்கிப் பொருத்துவது. விலை அதிகம், ஆனால் இரு பக்கத்தையும் தனித்தனியே நுட்பமாகச் சமன் செய்யலாம். என் மருமகன் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டாவதையே வாங்கினான். (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காரின் அடியில் படுத்துவிட வேண்டாம். உறுதியான ஸ்டாண்ட் வைத்த பிறகே உள்ளே போகவேண்டும். இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும்.)

சாய்வைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். பின்சக்கரத்துக்கு ஒரு பாகை அளவு உட்சாய்வு இருப்பது வளைவில் நல்லதே. இரு பக்கமும் ஒத்திருப்பதுதான் முக்கியம். சாய்வை முடித்த பிறகே டோவைத் தொட வேண்டும். சாய்வை மாற்றினால் டோவும் நகரும் என்பதால் வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். அந்தக் காரில், சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீளும் பெரிய கையைக் காரின் உடலோடு இணைக்கும் சிறு தண்டு ஒன்று இருக்கிறது. அதன் போல்ட் துளை நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி அந்தத் துளைக்குள் நகர்த்தித்தான் பின்சக்கரத்தின் டோவைச் சரிசெய்வது. நான்கு சக்கரங்களையும் ஒருசேர அளக்கும் இயந்திரமுள்ள பட்டறைக்குப் போய், காகிதத்தில் அளவுகளை வாங்கிக்கொள்ளும்படி அவனிடம் சொன்னேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நம்மூரில் ஓடும் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே தண்டில் பிணைந்திருக்கின்றன. அவற்றைத் தாழ்த்தினால் பின்சக்கரம் இந்தச் சிவிக்கைப் போலச் சாய்வதில்லை. சாய்ந்திருந்தால் தண்டு வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். தேவையானால் சக்கர மையத்துக்கும் தண்டுக்கும் இடையே சாய்வான தகடு வைத்துத் திருத்துவார்கள். இன்னொன்று, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்திருக்கிறது. காரில் கைவைப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்விளிம்பு தேய்ந்த டயரை வளையத்திலிருந்து கழற்றி, புரட்டி மாட்டி மீதியையும் ஓட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கம்பி தெரிந்த பிறகு எந்தப் பக்கம் புரட்டினாலும் அது குப்பைதான். கம்பி தெரிவதற்கு முன்பேகூட, உட்பக்கம் வெளிப்பக்கம் என்று குறித்த டயர்களையும், ஒரே திசையில் மட்டும் சுழல அம்புக்குறி போட்ட டயர்களையும் அவ்வாறு புரட்டக்கூடாது. தவிர, அப்படிப் புரட்டுவதால் நோய் மறையும், தீராது.

அடுத்த ஜனவரியில் மருமகன் ஓர் உறையில் அந்த அலைன்மென்ட் காகிதத்தின் நகலை அனுப்பியிருந்தான். பின்சக்கரம் இடது 1.3 பாகை, வலது 1.2 பாகை உட்சாய்வு. டோ இரு பக்கமும் சமமாக, சற்றே உள்நோக்கி. காகிதத்தின் பின்புறத்தில், மூன்று பேரைப் பின்னிருக்கையில் ஏற்றித் தானே நூல் பிடித்து அளந்ததையும் பென்சிலால் எழுதியிருந்தான்: இரண்டு பாகையைச் சற்றுத் தாண்டுகிறது, மாமா; இதற்கு மேல் தூக்கச் சொல்லாதீர்கள். அதற்குக் கீழே என் தங்கையின் கையெழுத்தில் ஒரு வரி. லாத்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்து, நாற்பதாம் நாளன்று தாயையும் பிள்ளையையும் இந்தக் காரில்தான் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார்களாம்; புறப்படும் முன் நான்கு டயரையும் தம்பிதான் தடவிப் பார்த்தானாம்.